சின்ன ர

பிரசன்டேஷன் முடிஞ்சு எல்லாரும் கை தட்டினப்போ, உட்கார ஒரு நாற்காலி கிடைச்சா போதும்னு இருந்துச்சு அவளுக்கு. காலையில ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல நாலு மணி நேரம் போர்வை மடிச்சுட்டு, அப்படியே பஸ் பிடிச்சு ஆசிரியர் பயிற்சிக்கு ஓடி வர்றவ. கூடப் படிக்கிற இருபத்தெட்டு பேருமே அவளைவிடப் பத்து வயசு சின்னவங்க. அதனால மொத்த வகுப்புக்கும் அவ அக்கா.

கை தட்டினதுதான் இப்போ அவளை உறுத்துச்சு.

பிள்ளைங்க தப்பா எழுதினா மனசு நோகாம எப்படித் திருத்துறது, இதுதான் அவ பேச வேண்டியது. அட்டையில கொட்டை எழுத்துல 'தவரைத் திருத்துவோம்'னு எழுதி மாட்டியிருந்தா. வாயைத் திறந்து அஞ்சு நிமிஷம் ஆகல, முன் பெஞ்சுல குசுகுசுன்னு சிரிப்பு. எல்லாரும் கண்ணாடின்னு கூப்பிடுற பொண்ணு கையைத் தூக்கிச்சு.

"அக்கா, தவறுக்குப் பெரிய ற வரும். நீங்க சின்ன ர போட்டு வச்சிருக்கீங்க."

"தவறுங்கிற வார்த்தையிலேயே தவறா?" பின்னாடியிருந்து ஒருத்தன் கத்தினான். "அக்கா, இதுக்கெல்லாம் தனித் திறமை வேணும்!"

வகுப்பே கொல்லுன்னு சிரிச்சுச்சு. அவளுக்குக் காது ரெண்டும் கொதிச்சுச்சு. போன வருஷம் இதே பிரசன்டேஷன்லதான் ஃபெயிலானா. இந்தத் தடவையும் போச்சுன்னா பள்ளிக்கூடத்துல பாடம் நடத்த அனுப்ப மாட்டாங்க, இன்னும் ஒரு வருஷம் போர்வைதான். யோசிக்கறதுக்கு முன்னாடியே வாய் முந்திக்கிச்சு.

"வேணும்னேதான் எழுதினேன். யாராவது கண்டுபிடிக்கிறீங்களான்னு பார்த்தேன்."

கடைசி வரிசையில உட்கார்ந்திருந்த மேடம் நிமிர்ந்து பார்த்தாங்க. "அட, நல்ல உத்தியா இருக்கே! எல்லாரும் குறிச்சுக்கங்க."

இருபத்தெட்டு பேனாவும் சரசரன்னு ஓடுச்சு.

இப்போ அவ முன்னாடி ஒரு வெள்ளைத்தாள். செஞ்சதுல எது சரியா வந்துச்சு, எது வரலைன்னு அவளே எழுதி நாலு மணிக்குள்ள குடுக்கணும். பாதி மார்க்கு இதுக்குத்தான். கால் ரெண்டும் கழண்டு விழற மாதிரி வலி. எதையாவது கிறுக்கிக் குடுத்துட்டுக் கிளம்பிடலாமான்னு இருந்துச்சு.

கண்ணாடி பக்கத்துல வந்து உட்கார்ந்துச்சு. "அக்கா, அந்த ட்ரிக்கை நான் சுட்டுக்கவா? அடுத்த வாரம் என் முறை."

"எந்த ட்ரிக்கு?"

"வேணும்னே தப்பா எழுதறதுதான். நான் ஒன்பது தப்பு எழுதலாம்னு இருக்கேன்."

"ஏய், பிள்ளைங்க அதையே பார்த்து எழுதிக்கிட்டா?"

"மேடமே நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாங்களே!"

கண்ணாடி எழுந்து போயிடுச்சு. அவ தாளைக் கிட்ட இழுத்து வச்சுக்கிட்டா. அப்புறம் எழுதினா.

'அது உத்தி இல்ல. சின்ன ர-வா, பெரிய ற-வான்னு எனக்கு எப்பவும் தடுமாற்றம். எல்லாரும் சிரிச்சதும் பொய் சொல்லிட்டேன். சிரிப்புக்கு நடுவுல நிக்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. அதைப் பத்தி நான் ஒரு வார்த்தைகூடப் பேசல.'

ஸ்டாஃப் ரூம்ல கொண்டு போய்க் குடுத்தா. மேடம் கைப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, நின்னுக்கிட்டே படிச்சாங்க. பையைத் திரும்ப மேசையில இறக்கி வச்சாங்க.

"இதை எழுதாம இருந்திருந்தா பாஸ் போட்டுட்டு நானும் நேரத்தோட வீட்டுக்குப் போயிருப்பேன்."

"தெரியும் மேடம்."

"இப்ப போட முடியாதும்மா. திங்கக்கிழமை திரும்பப் பண்ணு. அதுக்கு முன்னாடி எல்லாரும் நோட்டுல குறிச்சுக்கிட்டதை அடிக்கச் சொல்லணும். அதை நீதான் சொல்லணும்."

"காலையில எனக்கு ஷிஃப்ட்டு."

"மத்தியானம் வா."

வகுப்புக்குத் திரும்பினா. கண்ணாடி மட்டும் பையை மூட்டை கட்டிக்கிட்டிருந்துச்சு.

"அந்த ட்ரிக்கை நோட்டுல அடிச்சிடு."

"ஏன்க்கா?"

"எனக்கு நிஜமாவே அந்த எழுத்து தெரியாதுடி."

கண்ணாடி அவளை ஏற இறங்கப் பார்த்துச்சு. சிரிக்கல. நோட்டைத் திறந்து அந்த வரி மேல கோடு போட்டுச்சு.

ஒருத்திகிட்ட சொல்லியாச்சு. திங்கக்கிழமை இன்னும் இருபத்தேழு பேர். அவ பெஞ்சுல உட்கார்ந்து செருப்பைக் கழட்டினா.