மூன்றாவது கியர்

பக்கவாதம் வந்து ஆறு மாதத்தில் கிரகோரியின் இடது கை சட்டைப் பித்தான் போடும் அளவுக்குத் தேறிவிட்டது. கியர் போடத்தான் வரவில்லை.

மலேசியாவின் பாசிர் கூடாங் ரசாயன ஆலையில் ஷிப்டு பார்த்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய பழைய பியட் ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே இருக்கைகள், என்ஜின் முதுகுக்குப் பின்னால். இப்போது மூன்றாவது கியரைத் தேடினால் ஐந்தாவது விழுந்தது. ஒருநாள் சிக்னலில் எதுவுமே விழாமல் வண்டி நின்றுபோக, பின்னால் தொழிற்சாலை பஸ்கள் ஹார்ன் அடித்துத் தீர்த்தன. வீடு திரும்பியவர் காரை விற்கப்போவதாக மனைவி ஐலீனிடம் சொன்னார்.

“ரெண்டு பேருக்கு எதுக்கு ரெண்டு காரு?” என்றார். கையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

விளம்பரத்தைப் பார்த்து, தொலைவில் உள்ள தங்காக் ஊரிலிருந்து கமலநாதன் வந்தார். துணிக்கடைக்காரர், நாற்பது வயதிருக்கும். அவரிடமும் இதே மாடல் கார் ஒன்று இருந்தது. கிரகோரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பியவர், தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டு முறை தடுமாறினார்.

“மூணு எங்கண்ணே இருக்கு?”

“எனக்கே கெடைக்கறதில்ல தம்பி. ஸ்ட்ரோக் வந்த கை.”

“எனக்கு ஸ்ட்ரோக் வரலியே. எனக்கும் கெடைக்கலண்ணே.”

வீட்டுக்குத் திரும்பியதும் காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, போட்டிருந்த நல்ல சட்டையோடு அடியில் படுத்தார் கமலநாதன். லீவரிலிருந்து பின்னாலிருக்கும் கியர்பாக்ஸுக்குப் போகும் நீளத் தண்டைப் பிடித்து அசைத்தார். கடகடவென்று ஆடியது. தண்டை இறுகப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் புஷ்கள் தேய்ந்திருந்தன. ஒன்று பாதியாகவே உடைந்திருந்தது. அந்தத் துண்டைக் கொண்டுவந்து கிரகோரியின் இடது உள்ளங்கையில் வைத்தார்.

“கை இல்லண்ணே, இதுதான். பல வருஷமா தேஞ்சிருக்கு. உங்க கையும் அதுக்குத் தக்க பழகியிருக்கும். ஆஸ்பத்திரில படுத்ததுல அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. அவ்ளோதான் லா.”

தேநீரோடு வந்த ஐலீன் அங்கேயே நின்றுவிட்டாள். “கைக்கு என்ன?”

கிரகோரி சொன்னார், சிக்னலில் நின்றதிலிருந்து எல்லாவற்றையும்.

கமலநாதன் தேநீர் ஆறும்வரை பொறுத்திருந்தார். “என்கிட்ட ஒரு செட் புது புஷ் சும்மா கெடக்கு. போட்டு ஓட்டிப் பாருங்க. அதுக்கப்புறமும் விக்கணும்னு தோணுச்சுன்னா எனக்குக் குடுங்க.”

சொன்னபடி அடுத்த சனிக்கிழமை காலையில் வந்தார். பழையதை நெம்பி எடுத்து, தண்டின் முனைகளைத் துடைத்து, கிரீஸ் தடவினார்கள். லீவர் பக்கத்துப் புஷ்ஷை காருக்கு உள்ளேயிருந்துதான் அமுக்க வேண்டும்.

“நீங்களே அமுக்குங்கண்ணே,” என்றார் கமலநாதன் அடியிலிருந்து.

இடது கட்டைவிரல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை டக்கென்று உட்கார்ந்தது. கிரகோரி லீவரை நியூட்ரலில் பிடித்துக்கொள்ள, கமலநாதன் போல்ட்டுகளை முறுக்கினார்.

ஐலீனை ஏற்றிக்கொண்டு கிரகோரி கிளம்பினார். ஒன்று, இரண்டு. மூன்றுக்குத் தள்ளியபோது லீவர் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. தேவையே இல்லாமல் நான்குக்குப் போய் மறுபடி மூன்றுக்கு வந்தார். திரும்பவும் அதையே செய்தார். அவர் கண்கள் நிறைந்திருந்ததை ஐலீன் பார்த்தாள்.

“போதும், தலைய சுத்துது,” என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் வீடு திரும்பியபோது கமலநாதன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கிரகோரி அந்த ஈரக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“விக்கல தம்பி. அவ்ளோ தூரம் வந்துட்டு வெறுங்கையோட போறீங்களே.”

“அக்கா அப்பவே வழியில தின்ன கறிபாப் கட்டிக் குடுத்துட்டாங்க. வெறுங்கையா?”

ஞாயிற்றுக்கிழமை கிரகோரி தேவாலய அலுவலகத்துக்குப் போய், ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டுமென்று கமலநாதன் பெயரைக் கொடுத்தார். இறந்தவர்களுக்கான பூசைகளையே அதிகம் எழுதிப் பழகிய அலுவலகப் பெண் பிரேமலா நிமிர்ந்து, “இறந்தவரா, அங்கிள்?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, நல்லா இருக்காரு. நன்றிப் பூசைன்னு போடு.”