ஹேசுக்கின் ஈரல்

பஞ்சு வைத்துத் தைத்த அந்தச் சைக்கிள் கால்சட்டையை மாட்டும்போதெல்லாம் ஹேசுக்குக்குக் குமட்டும். முந்தின நாள் துவைத்ததுதான். ஆனாலும் தொடையிடுக்கு வேர்வை நாற்றம் அந்தப் பஞ்சை விட்டுப் போவதே இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இடுப்புப் பட்டையை ஏற்றினால், பானையை விட்டு வழிகிற புளித்த மாவு மாதிரி வயிற்றுச் சதை மேலே பிதுங்கி நிற்கும். நாற்பத்தாறு வயது, எண்பத்தொரு கிலோ. கண்ணாடி இருக்கிற பக்கமே திரும்பமாட்டாள்.

"கிளம்பிட்டியா?" உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வரும். "பார்த்துப் போ. விழுந்து கிழுந்து வைக்காதே. என் ஈரலைத் தூக்கிட்டுப் போறே, ஞாபகம் இருக்கட்டும்."

என் ஈரல். மூன்று மாதமாக அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் விலா எலும்புக்கு அடியில் கிடக்கிற ஒன்றை, சலவைக்குப் போட்டிருக்கிற தன் சட்டையைப் போல.

நாற்பது வருஷம் சோஜு சாராயம் குடித்து அவருடைய ஈரல் சுருங்கிப்போயிற்று. கண் மஞ்சள், வயிறு பானை, கால் குச்சி. தேகு நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஆறு மாதம் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக்கூடாது. பெற்ற பிள்ளைகளில் யாராவது ஈரலில் பாதியை வெட்டிக் கொடுக்கவேண்டும், கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும். முதலில் தம்பி கியுதே போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்தான். ரத்தக்குழாய் அமைப்பு ஒத்துவரவில்லையாம். அன்றைக்கு அம்மா அவனைக் கட்டிக்கொண்டு, "பாவம், மனசு ஒடிஞ்சு போயிட்டான்" என்று அழுதாள்.

அடுத்தது ஹேசுக். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஈரல் முழுக்கக் கொழுப்பு. மூணுல ஒரு பங்கு கொழுப்புதான். பன்னிரண்டு வாரத்துல பத்து கிலோ குறைச்சுட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா பின் சீட்டில் உட்கார்ந்து, "பள்ளிக்கூடச் சமையல்கட்டுல மிஞ்சினதெல்லாம் வழிச்சு வழிச்சுத் தின்னா ஈரல் எப்படி இருக்கும்? பன்னி ஈரல்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கியுதே வண்டி ஓட்டிக்கொண்டே சிரித்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் விவாகரத்தாகி, பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்துக்கொண்டு, பிறந்த வீட்டிலேயே வந்து ஒண்டிக்கொண்டவள் என்ன பதில் சொல்லமுடியும்? மறுநாள் கொட்டகையிலிருந்து பழைய சைக்கிளை வெளியே எடுத்தாள்.

சாங்ஜு ஊரில் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர் கிடையாது. சந்தைக்கும் சைக்கிள்தான், கோயிலுக்கும் சைக்கிள்தான். ஆனால் உடம்பு இளைக்க ஓட்டுகிறவர்கள் தனி ஜாதி. கண்ணை மட்டும் விட்டு முகம் முழுக்க மூடிக்கொண்டு, கையில் உறை போட்டுக்கொண்டு, நாக்தொங் ஆற்றங்கரைப் பாதையில் வரிசையாகப் போகிற பெண்கள் கூட்டம் ஒன்று உண்டு. அதற்குத் தலைவி பியன் அக்கா. அறுபத்து மூன்று வயது, கம்பி மாதிரி உடம்பு, வாய் மட்டும் அடங்காது.

"யாருடி அது, பின்னாடி ரயில் எஞ்சின் மாதிரி மூச்சு விடறது?"

"நான்தான் அக்கா."

"நீதானா? நான் கரியில ஓடற எஞ்சின்னு நினைச்சேன். மிதி, மிதி. உங்கப்பன் ஈரல் உருகட்டும்."

எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. அப்பாவுக்கு ஈரல் கொடுக்கப்போகிற மகள் என்று சந்தையில் கிழவிகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்கள். ஹேசுக்குக்கு அதுவும் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆற்றங்கரைப் பூச்சி வாய்க்குள் போய்ப் பல்லில் ஒட்டிக்கொள்ளும்; துப்புவாள். தொடை உரசி உரசிப் புண்ணாகும். களிம்பைக் குழைத்துப் பூசுவாள். இருபத்தைந்து கிலோமீட்டர் முடிந்ததும் கூட்டம் கரையோரக் கடையில் இறங்கி, எண்ணெய் சொட்டச் சொட்டக் கோஸ் அடையும், பித்தளைக் கிண்ணத்தில் அரிசிக் கள்ளுமாக உட்கார்ந்துவிடும். மிதித்துக் கரைத்ததையெல்லாம் திரும்ப உள்ளே தள்ளுகிற சடங்கு.

"ஒரு வாய் குடியேன்டி."

"வேண்டாம் அக்கா. ஒரு சொட்டுக்கூட ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"உங்கப்பன் குடிச்சதுக்கு நீ பட்டினியா? நல்லா இருக்குடி நியாயம்!"

அவர்கள் உதட்டு ஓரத்தில் வெள்ளையாகக் கள் வழிவதையும் எண்ணெய் விரலை நக்குவதையும் பார்த்துக்கொண்டே ஹேசுக் வெறும் தண்ணீர் குடிப்பாள். ஏழாவது வாரம் அந்தப் பஞ்சுக் கால்சட்டை தொளதொளத்தது. பத்தாவது வாரம், மேட்டுப் பாதையில் ஒருநாள் பியன் அக்காவையே முந்திவிட்டாள். அன்றைக்கு மட்டும் மேலே போய் நின்று, யாரும் பார்க்காதபோது, தன் வயிற்றைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். குமட்டவில்லை.

பதினொன்றாவது வாரம் எடை எழுபது. கடைசிப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, படம் எடுத்தாயிற்று. திங்கட்கிழமை முடிவு. ஆஸ்பத்திரி சொன்ன ஆறு மாதத்துக்கும் இன்னும் பத்தே நாள்தான் பாக்கி.

சனிக்கிழமை காலை அவள் வழக்கமாகத் தண்ணீர் எடுத்துப்போகிற நீல பாட்டிலைக் காணோம். சமையலறை அலமாரியில், அரிசிப் பானைக்குப் பின்னால் அவளுடைய பழைய வெள்ளை பாட்டில் இருந்தது, நிரம்பியே இருந்தது. அம்மாதான் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள் போல என்று எடுத்துச் சைக்கிளில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

ஆற்றங்கரைப் பாதை நெடுக ஊருக்கு ஊர் சிவப்புக் கூண்டு ஒன்று நிற்கும். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் உள்ளே போய்த் தங்கள் கைப்புத்தகத்தில் முத்திரை குத்திக்கொள்வார்கள். அதன் நிழலில் நிறுத்தி, முகமூடியை இறக்கி, பாட்டிலை வாயில் கவிழ்த்து ஒரே மடக்காக விழுங்கினாள்.

தொண்டை எரிந்தது. பாதி உள்ளே போய்விட்டது. மீதியைப் பாதையிலேயே துப்பினாள். மூக்கு வழியாகவும் வந்தது.

"என்னடி, பூச்சியா?" என்று பியன் அக்கா ஓடிவந்தாள். பாட்டிலை வாங்கி முகர்ந்தாள். அவள் முகம் மாறியது. "அடிப்பாவி, சோஜுடி இது. நீயா ஊத்திட்டு வந்தே?"

"நான் ஏன் அக்கா ஊத்தறேன்?"

பியன் அக்கா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாய் வைக்கிற குழாய்ப் பக்கம் காய்ந்த எச்சில், மிளகாய் விழுதின் சிவப்பு. யாரோ தினம் தினம் சப்பிக் குடித்த வாய். அந்த வாயில்தான் இவளும் வாயை வைத்திருக்கிறாள். ஹேசுக் கூண்டுக்குப் பின்னால் ஓடிப்போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

பியன் அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தாள். அன்றைக்கு அவள் வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை.

வீட்டில் அப்பா விரிப்பில் சாய்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஹேசுக் பாட்டிலை அவர் முன்னால் வைத்தாள்.

"இது என்ன அப்பா?"

அவர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். கோபம் அம்மாவின் மேல்தான். "ஒரு இடத்துல ஒழுங்கா வைக்கத் தெரியாதா உனக்கு?"

அம்மா கையைப் பிசைந்தாள். "ஒரு மூடிதான்டி. காலையில கை அப்படி நடுங்குது அவருக்கு. கண்ணாடி பாட்டிலை வெளியே போட்டா பக்கத்து வீட்டுக்காரி பார்த்துடுவா. அதான் உன் பாட்டில்ல..."

"எத்தனை நாளா?"

"என்னைக்காவது ஒருநாள்..."

"அம்மா. எத்தனை நாளா?"

"அவர் நிறுத்தினாத்தானே, எத்தனை நாளான்னு சொல்றதுக்கு" என்றாள் அம்மா, மெதுவாக.

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அவர் பேசியது கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. கடைக்காரனிடம் பேசுகிற மாதிரி. "இப்ப என்ன கெட்டுப்போச்சு? இந்த ஈரல் எப்படியும் போறதுதானே? போறவரைக்கும் குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன? புதுசு வந்ததும் நிறுத்திக்கறேன். அதுக்குத்தானே நீ மிதிக்கிறே?"

"திங்கட்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு" என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கை ஈரமாக இருந்தது. "நீ சொன்னேன்னா அப்பாவை ஆபரேஷன் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க. பெத்தவரைக் கொன்னவள்னு ஊர் பேசும்."

ஹேசுக் கையை உருவிக்கொண்டு, பாட்டிலை எடுத்துத் தன் பையில் போட்டுவிட்டுப் போய்ப் பல் விளக்கினாள். மறுபடி விளக்கினாள். ஈறில் ரத்தம் வந்த பிறகும் அந்த வாய் அவளுடைய வாயாக ஆகவில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் தேகு போனார்கள். ஈரல் கொடுப்பவரிடம் தனியாகப் பேசவேண்டும் என்று சொல்லி, உறுப்பு மாற்று சிகிச்சையைக் கவனிக்கிற நர்ஸ் அவளை மட்டும் சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"வாழ்த்துகள். கொழுப்பு நாலு சதவீதம்தான். இப்படி ஒரு ஈரலை நான் இந்த வருஷம் பார்க்கல. என்ன பண்ணீங்க?"

"சைக்கிள் மிதிச்சேன்."

"பிரமாதம்." நர்ஸ் ஒரு தாளை எடுத்தாள். குரல் தணிந்தது. "இதை எல்லார்கிட்டயும் கேட்கணும். இதை நீங்க உங்க விருப்பத்தோடதான் பண்றீங்களா? யாராவது கட்டாயப்படுத்தறாங்களா? மனசு இல்லேன்னா இங்கயே சொல்லிடுங்க. குடும்பத்துக்குத் தெரியாது. ரத்தக்குழாய் அமைப்பு ஒத்துவரலைன்னு டாக்டர் சொல்லிடுவார். யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டாங்க."

ஹேசுக் நிமிர்ந்தாள்.

"என்ன சொல்லுவாரு?"

"ரத்தக்குழாய் அமைப்பு ஒத்துவரலைன்னு. வழக்கமா அப்படித்தான் சொல்றது."

அதே வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை. அம்மா கட்டிக்கொண்டு அழுத கியுதேயின் முதுகு அவள் கண்முன் வந்தது. தன்னைப் பன்னி ஈரல் என்றபோது அவன் சிரித்த சிரிப்பும் வந்தது.

"என் தம்பிக்கும் அதைத்தான் சொன்னீங்க."

நர்ஸ் தாளைப் பார்த்தபடி இருந்தாள். "மத்தவங்களைப் பத்தி நான் பேசக்கூடாதும்மா."

"பேசவேண்டாம்." ஹேசுக் எழுந்தாள். "எனக்கு அந்தப் பொய் வேண்டாம். என் ஈரல் நல்லா இருக்கு. நல்லா இருக்குன்னே எழுதுங்க. பூச்சியெல்லாம் வாயில வாங்கி, ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் மிதிச்சுச் சுத்தம் பண்ணியிருக்கேன். ஒத்துவரலைன்னு யாரும் சொல்லக்கூடாது. குடுக்கமாட்டேன்னு நானே போய்ச் சொல்லிக்கறேன்."

வெளியே நடைவழி நாற்காலியில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். கியுதே பொரித்த பன்றி இறைச்சி ரொட்டியை வாய் நிறைய வைத்திருந்தான்.

"என்ன சொன்னாங்க?" அப்பா பாதி எழுந்தார். "என் ஈரல் எப்படி இருக்காம்?"

"என் ஈரல் நல்லா இருக்கு அப்பா. நாலு சதவீதம். அது என்கிட்டயே இருக்கட்டும்."

"என்ன உளர்றே?"

"இன்னைக்கிலேருந்து ஆறு மாசம். ஒரு சொட்டு இல்லாம இருந்துட்டு வந்து கேளுங்க. அதுவரைக்கும் தினமும் மிதிச்சு அதைச் சுத்தமா வச்சிருக்கேன். நீங்க குடிக்கறதை டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லலேன்னா நான் சொல்லுவேன். அவசரமா வேணும்னா..." அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "கியுதேயோட ரத்தக்குழாய் எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. இல்லடா?"

ரொட்டி தொண்டையில் அடைத்து அவன் இருமினான். எண்ணெய்த் துணுக்கு ஒன்று அப்பாவின் கால்சட்டையில் போய் விழுந்தது. அப்பா அதைத் தட்டிவிடக்கூட இல்லை. மஞ்சள் கண்ணால் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உனக்குப் பைத்தியமா? யார் சொன்னது..."

"யாரும் சொல்லல. நீயே சொல்லு, கேட்கறேன்."

அவன் மீதி ரொட்டியைக் காகிதத்தில் சுருட்டினான்.

ஹேசுக் பையிலிருந்து வெள்ளை பாட்டிலை எடுத்து, சுவரோரக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். நடைவழி முனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அம்மா தொட்டிக்குள் கையை விட்டு அந்தப் பாட்டிலை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.