நாத்தனார் முடிச்சு

கும்மிடிப்பூண்டியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த நியாஸ் லேசில் யாரையும் நம்ப மாட்டான். டீக்கடையில் சர்க்கரை போட்டாச்சு என்று சொன்னால்கூட நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் குடிப்பான். அப்படிப்பட்டவனிடம், பத்து வருஷமாகக் கல்யாண ஆர்டருக்கு அவனோடு அடித்துக்கொண்ட போட்டோக்காரன் பரசுராமன், பிளாஷுக்குக் கரண்ட் தரும் தன் பேட்டரி பேக்கைக் கொண்டுவந்து நீட்டினால் சும்மா விடுவானா?

ஆனால் பேக் அவனுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. போன வருஷம் ஆர்.கே.பேட்டை துளசிராமன் வீட்டில் மூத்த மகன் கல்யாணம். பிளாஷுக்குள் போட்ட நாலு பென்சில் செல்லும் முதல் முடிச்சுக்கு வெளிச்சம் தந்துவிட்டு, மறுபடி சார்ஜ் ஏற்ற முக்கி முனகின. அதற்குள் துளசிராமனின் ஒரே மகள் சுமலதா மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டாள். ஆல்பத்தில் நாத்தனார் இருந்த இடம் கறுப்பாகக் கிடந்தது. இப்போது இளையவன் கல்யாணத்துக்கும் துளசிராமன் பெரிய மனசு பண்ணி இவனையே கூப்பிட்டிருந்தார். மகள் அவ்வளவு சுலபமாக விடவில்லை.

"பாய், இந்த தபாவும் நான் இருட்டுல நின்னேன், அப்பறம் இந்தப் பக்கம் எந்த மேடையும் நீ ஏற முடியாது. பார்த்துக்கோ."

சென்னையில் ஒரு கடையில் புது பேக் பார்த்தான். பெட்டி முழுக்கச் சீன எழுத்து. கடைக்காரன் சிரித்த சிரிப்பே சரியில்லை என்று திரும்பிவிட்டான். மிச்சம் இருந்தது பரசுராமனுடையதுதான்: இடுப்பில் மாட்டும் கறுப்பு டப்பா, பிளாஷுக்குப் போகும் சுருள் வயர், சார்ஜ் இருக்கும்வரை எரியும் பச்சை விளக்கு.

"நல்லா கீற பேக்க எதுக்குப்பா விக்குற?" என்றான் நியாஸ்.

"சிப்காட் கம்பெனில ஐடி கார்டு போட்டோ எடுக்குற வேலை கெடச்சிகீது பாய். உக்காந்த எடத்துல ஒரு கிளிக்கு. அங்க இது எதுக்கு?"

நியாஸ் கண்ணை இடுக்கினான். துளசிராமன் வீட்டு ஆர்டர் கைவிட்டுப் போன வயிற்றெரிச்சல் இவனுக்கு இருக்காதா?

"ஒண்ணு மட்டும் கேட்டுக்க பாய். இது வேகமா சார்ஜ் ஏத்தும், பிளாஷு சூடாயிடும். இருபது அடிச்சா ஆற உடு."

அடேங்கப்பா, குட்டு வெளிப்பட்டதா! இருபதுக்கு மேல் பேக் தாங்காது, அதை மறைக்க பிளாஷ் மேல் பழி. நியாஸ் அங்கேயே சுவரைப் பார்த்து நாற்பது தடவை பிளாஷ் அடித்தான். பேக் அசரவில்லை.

பரசுராமன் தலையில் அடித்துக்கொண்டான். "பேக்குக்கு ஒண்ணும் ஆவாது பாய். பிளாஷத் தொட்டுப் பாரேன்!"

நியாஸ் தொடவில்லை. பச்சை விளக்கையே முறைத்துக்கொண்டிருந்தான். பேக்கை வாங்கி வந்த பிறகும் சந்தேகம் தீராமல் தினமும் வீட்டுச் சுவரில் நாற்பது அடித்தான்.

"சுவத்தையே போட்டோ புடிச்சிகினு கீறியே, இன்னா பேஜாரு இது?" என்றாள் மனைவி ஜபீன். "கருகுற வாசனை வேற வருது."

"பக்கத்து ஊட்டு சமையலா இருக்கும்."

முகூர்த்தத்தன்று தாலித் தட்டு ஆசிக்குச் சுற்றி முடிகிற நேரத்தில் நியாஸுக்கு மறுபடி சந்தேகம் முளைத்தது. மண்டபத் தூணைப் பார்த்துக் கடைசியாக ஒரு நாற்பது அடித்தான். பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா என்று மேடை ஏறினான்.

கெட்டிமேளம் முழங்கியது. முதல் முடிச்சுக்கு வெளிச்சம். அடுத்த நொடியே இரண்டாவதுக்கும் வெளிச்சம். பரசு, உன் வேலை என்கிட்ட பலிக்கலை பார் என்று மனசுக்குள் குதித்தான் நியாஸ்.

மூன்றாவது முடிச்சுக்கு சுமலதா குனிந்தாள். மஞ்சள் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்தவள், போன வருஷத்தை நினைத்தோ என்னவோ, முடிச்சை இழுக்காமல் நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். இவனுக்காகவே காத்திருந்தாள்.

நியாஸ் அழுத்தினான். பட்டென்று ஒரு சத்தம் வந்தது, வெளிச்சம் வரவில்லை. ஜபீன் சொன்ன அதே கருகல் வாசனை மூக்கில் ஏறியது. திரும்ப அழுத்தினான். பிளாஷின் முன்பக்க பிளாஸ்டிக் உருகிச் சுருங்கியிருந்தது. யா அல்லா! இடுப்பில் பரசுராமனின் பச்சை விளக்கு ஒரு குறையுமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

மேளச் சத்தத்துக்கு நடுவே, சிரிப்பு மாறாமல் சுமலதா கேட்டாள்:

"அடிச்சிட்டியா பாய்?"

நியாஸ் தலையாட்டினான். அவள் அதை நம்பி முடிச்சைப் போட்டாள்.