பாடம் ஒன்பது: சேமித்தல்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பிழைதிருத்தும் வேலையில். புஞ்சாக் ஆலாம் என்ற ஊரில் வார இறுதிகளில் மேசைக் கணினிக்கு மென்பொருள் எழுதக் கற்றுக்கொடுக்கும் பிரமிளா, தன் பாடங்களைத் தமிழில் எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். அவற்றின் மொழியைச் சரிபார்க்க என்னைக் கேட்டார். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஒற்று எங்கே மிகும் என்று தெரியும். ஒன்பதாம் பாடத்தில் மட்டும் எழுதியவர் என்று இரண்டு பெயர்கள் போட்டிருந்தன. மற்றவற்றில் எல்லாம் ஒரே பெயர். ஏன் என்று கேட்டேன். பிரமிளா சொன்னார். பிறகு அந்த இரண்டாவது பெயருக்கு உரிய தனேஸ்வரியும் சொன்னார்.

(எல்லாரும் கைப்பேசிக்கு எழுதும் காலத்தில் ஏன் மேசைக் கணினி? எஸ்டேட் ஆபீசிலும் கிளினிக் கவுண்டரிலும் இருப்பது பழைய கணினி. இணைய லைன் வரும், போகும். லைன் போனாலும் வேலை நிற்கக் கூடாது. அதனால்தான்.)

2.

முதல் வரிக்கு ஒரு முயற்சி: "அன்று விடியும்போதே வானம் இருண்டு" — வேண்டாம். அன்று நல்ல வெயில்.

இன்னொன்று: "தனேஸ்வரி என்ற ஏழைப் பெண்" — அதுவும் வேண்டாம். அவர் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். தொழிற்சாலை மூடியது. கணவர் லோரி ஓட்டுகிறார். நாற்பது வயதில், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, பழைய லேப்டாப்பில் பிரமிளாவின் பாடங்களைப் படிக்க ஆரம்பித்தார். பிரமிளா அவரைவிட இளையவர். தனேஸ்வரி அவரை டீச்சர் என்பார், பிரமிளா இவரை அக்கா என்பார்.

பயிற்சியின் முடிவில் ஆளுக்கு ஒரு மென்பொருள் செய்ய வேண்டும். தனேஸ்வரி, கோல சிலாங்கூரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குச் செய்தார். எந்த நாள், எந்த நாற்காலி, எந்த நோயாளி என்று காட்டும். மையத்தில் இரண்டு கணினி, ஒன்று கவுண்டரில், ஒன்று தாதியர் அறையில். இரண்டிலும் ஓடியது. மையத்தின் பொறுப்பாளர் நஜீபா, அதுவரை அட்டவணை எழுதிவந்த வெள்ளைப் பலகையைத் துடைத்து ஓரமாகச் சாய்த்துவைத்தார்.

3.

ஒரு செவ்வாய்க்கிழமை, மையத்தின் நோயாளி வள்ளியம்மா வந்தபோது அவர் பெயர் திரையில் இல்லை. நாற்காலிகள் நிறைந்திருந்தன. வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். புதன் விடியலில் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். (காப்பாற்றினார்கள் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். அதை ஒளித்துவைத்து உங்களைப் படிக்கவைக்க எனக்கு விருப்பமில்லை.)

வள்ளியம்மாவின் கணவர் ரெங்கசாமியும் தனேஸ்வரியும் ஒரே எஸ்டேட். என் முதல் பிரதியில் ரெங்கசாமி தனேஸ்வரி வீட்டு வாசலில் நின்று கத்தினார். தனேஸ்வரி அதைப் படித்துவிட்டு, "மாமா கத்தலங்க," என்றார். "கத்தியிருந்தா நல்லாருந்திருக்கும்."

ரெங்கசாமி கேட்டது இதுதான்: "நெசமா சொல்லும்மா. அவ பேர கம்பியூட்டர் அழிச்சிச்சா, ஆள் அழிச்சதா?"

"தெரியல மாமா."

"நீ செஞ்சதுதானே?"

"நான் செஞ்சதுதான்."

அன்றே தனேஸ்வரி மையத்துக்குப் போய் மென்பொருளை எடுத்துவிட்டார். வகுப்புக்கும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

4.

பிரமிளா பிழையைக் கண்டுபிடித்தார். எளிமையாகச் சொல்கிறேன். வள்ளியம்மாவின் பெயரைக் கவுண்டரில் ஒருவர் சேர்த்துச் சேமித்தார். அதற்கு முன்பே அதே பக்கத்தைத் திறந்துவைத்திருந்த தாதி, வேறு எதையோ மாற்றிவிட்டுச் சேமித்தார். அவர் திரையில் இருந்தது பழைய பக்கம். பழையது புதியதன் மேல் ஏறிக்கொண்டது, வள்ளியம்மாவின் பெயர் போய்விட்டது. மென்பொருள் எச்சரிக்கவே இல்லை.

எச்சரிக்கச் சொல்லும் வரி ஒன்பதாம் பாடத்தில் இல்லை. பாடத்தை எழுதியவர் பிரமிளா. தனேஸ்வரி அதைப் பின்பற்றியிருந்தார். எத்தனையோ பேர் அதே பாடத்தை இணையத்திலிருந்து இறக்கியிருந்தார்கள்.

இங்கே நான் இரண்டு பாதை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பிரமிளா ஓசைப்படாமல் பாடத்தைத் திருத்திவிட்டுத் தூங்கப் போகிறார். நம்பும்படி இருந்தது, அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையில் அவர் காரை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனார்.

"அக்கா, தப்பு உங்க மேல இல்ல. என் பாடத்துல இருந்திச்சி."

தனேஸ்வரி அழுவார், அணைத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். (நீங்களும்தானே?)

"அப்ப நான் என்ன செஞ்சேன் டீச்சர்? காப்பி அடிச்சேனா?"

"அப்படிச் சொல்லலக்கா."

"ஒவ்வொரு வரியும் புரிஞ்சுதான் அடிச்சேன். ரெண்டு பேரு ஒண்ணா தொறந்தா என்னாகும்னு நான் யோசிச்சிருக்கணும். ரெண்டு கம்பியூட்டர் இருக்கிறது எனக்குத்தானே தெரியும், உங்களுக்குத் தெரியாதுலா. வள்ளியம்மா அத்தைக்கு ஆனதுக்கு நான் காரணம் இல்லன்னா, அந்தச் சாப்ட்வேர் செஞ்சதும் நான் இல்லன்னு ஆயிடும்."

இந்த இடத்தில் நான் ஒரு பத்தி கட்டுரை எழுதி, அடித்துவிட்டேன்.

பிறகு இருவரும் சேர்ந்து அறிவிப்பு எழுதினார்கள். பாடத்தைப் பயன்படுத்திய எல்லாரும் தங்கள் மென்பொருளைச் சோதிக்கவும். அதன் கீழே, மையத்தில் என்ன நடந்தது என்றும் எழுதினார்கள், பெயர் சொல்லாமல். தவறான நிரலை நீக்க வேண்டாம், அதன் பக்கத்திலேயே சரியானதைப் போடுங்கள் என்றார் தனேஸ்வரி. அப்படித்தான் அந்தப் பாடத்துக்கு இரண்டாவது பெயர் வந்தது. உலு யாமிலிருந்து ஒருவர் தன் கடை மென்பொருளிலும் அதே ஓட்டை என்று பதில் போட்டார். பலர் எதுவும் எழுதவில்லை.

5.

முடிவு. கதை இதற்குள் முடிந்திருக்க வேண்டும். ஆனால் நஜீபா தனேஸ்வரியை அழைத்தார்: "பலகையில எழுதி எழுதி அழியுது. சரி பண்ணிட்டீங்கன்னா வந்து போடுங்க. ஆனா அந்தக் குடும்பம் சம்மதிக்கணும்."

வள்ளியம்மா நாற்காலியில் இருந்த நேரத்தில் போனார்கள். தனேஸ்வரி கவுண்டரிலும் பிரமிளா தாதியர் அறையிலும் ஒரே பக்கத்தைத் திறந்து, ஒன்றாகச் சேமித்தார்கள். ஒரு திரை சேமிக்க மறுத்தது. திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் மறுத்தது. ரெங்கசாமி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, போடட்டுமா?"

"நீ இங்கயே இருந்து பாத்துக்குவியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல மாமா. நான் வீட்டுக்குப் போயிருவேன். இதுதான் இருக்கும்."

ரெங்கசாமி நாற்காலியில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைய ஏன் கேக்குற? உக்காரப் போறது அவ. அவளக் கேளு."

அதுவரை வள்ளியம்மாவை யாருமே கேட்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இல்லை, மையத்தில் இல்லை, இந்தக் கதையிலும் இல்லை. மேலே போய்ப் பாருங்கள், அவருக்கு ஒரு வார்த்தைகூட நான் கொடுக்கவில்லை.

தனேஸ்வரி நாற்காலி பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். வள்ளியம்மாவின் கையில் ஊசி, குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. "அத்தை, போடட்டுமா?" என்றார்.

வள்ளியம்மா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். பிறகு பதில் சொன்னார்.

என்ன சொன்னார் என்று இரண்டு பெண்களும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எழுதியும் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அதனால் அந்த வரியைக் காலியாக விடுகிறேன். நீங்கள் அவரை நேராகப் பார்த்துக் கேளுங்கள்.