மை ஏறாத மிஷின்

படத்தில் மாமனாரின் கழுத்தில் தொங்கிய கண்காட்சி அடையாள அட்டையை அழித்து முடிக்க ஆர்த்திக்கு அரை மணி நேரம் பிடித்தது. கணினித் திரையில் அட்டையை எடுத்தால் அதன் நாடா நின்றது. நாடாவை எடுத்தால் சட்டைக் காலரில் பாதி காணாமல் போனது. மற்ற நாளாக இருந்தால் இரண்டு நிமிட வேலை.

அச்சகமும் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. நாரணாபுரம் ரோட்டைப் பார்த்து வீடு, அதன் முதுகில் அச்சகம், நடுவில் இந்தச் சின்ன டிசைன் அறை. வீட்டு முன்னறையில் மாமனார் அய்யாதுரை குளிர்பெட்டிக்குள் கிடந்தார். கேதம் கேட்க ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும் அழுகை எழுந்தது. காபி டம்ளர்கள் சுற்றி வரும்போது அடங்கியது. சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவரேறியாக வேண்டும். முப்பத்தொரு வருஷம் சிவகாசியில் அச்சடித்தவருக்கு, மத்தியானமாகியும் ஒரு போஸ்டர் இல்லையென்றால் ஊர் சிரிக்கும்.

அவருடைய படத்துக்கு வீட்டில் பஞ்சமில்லை. ஆனால் எல்லாவற்றிலும் எவனோ வம்புக்கு இழுத்தது போல முறைத்துக்கொண்டு நின்றார். சிரித்த படம் இது ஒன்றுதான். ஆவணியில் சென்னையில் நடந்த அச்சு இயந்திரக் கண்காட்சியில் ஆர்த்தியே தன் போனில் எடுத்தது.

அய்யாதுரையின் தொழில் முழுக்கப் பட்டாசை நம்பித்தான். சங்குசக்கரம், பூச்சட்டி, கம்பி மத்தாப்பு என்று பெட்டிக்கு லேபிள் அடித்துக் கொடுப்பார். இருந்தது ஒற்றைக் கலர் மிஷின். நாலு கலர் வேண்டுமானால் ஒரே ஷீட்டை நாலு முறை ஓட்ட வேண்டும். தீபாவளி சீசன் முடிந்தால் நாலு மாசத்துக்கு மிஷினும் ஆட்களும் கொட்டாவி விடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன் மருமகளாக வந்த ஆர்த்தி, ஒருநாள் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“மாமா, வெடி தீவாளிக்குத்தான். சுவீட்டும் கேக்கும் வருசம் பூரா விக்குதே. அதுக்குப் பெட்டி அடிச்சா என்ன?”

அவர் பிசைந்த சோற்றை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் மகேஷ்குமார், “அதுக்கெல்லாம் ஃபோர் கலர் மிஷின் வேணும். மிஷின் இருந்தாலும் நம்மள எந்தக் கடைக்காரனுக்குத் தெரியும்?” என்றான். மகன் கையைக் கழுவிய இடத்தில் மாமனாரும் மருமகளும் பேச்சைத் தொடங்கினார்கள். கடைக்காரனுக்கு நம்மைத் தெரியாவிட்டால் அவன் வருகிற இடத்தில் போய் நிற்போம் என்று, தை மாசம் கோயமுத்தூரில் நடக்கும் உணவுப் பொருள் கண்காட்சியில் ஒரு ஸ்டாலுக்குச் சொல்லி வைத்தார்கள். மிஷின் பார்க்கச் சென்னைக்கு ரயிலேறினார்கள்.

சென்னையில் அவர் அடித்த கூத்து கொஞ்சமல்ல. மடித்துக் கட்டிய வேட்டியோடு, இரண்டு தோளிலும் இலவசப் பைகளை மாட்டிக்கொண்டு, டை கட்டிய பிள்ளைகள் நின்ற ஒவ்வொரு ஸ்டாலிலும் புகுந்து, “ஏம்பா, இது ஒரு ஷீட்டுக்கு எம்புட்டு மை குடிக்கும்?” என்று கேட்டார். அவர்கள் இங்கிலீசிலும் இந்தியிலும் சொன்ன பதிலுக்கெல்லாம் தலையாட்டினார். ஆர்த்திக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம், ஏசி ஹாலின் கடைசி வரிசையில் அவர் ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடது தோளை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஆர்த்தி ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தாள். குடித்து ஏப்பம் விட்டார்.

“வாயுத் தொந்தரவும்மா. வீட்ல சொல்லிராத தாயி. உங்க அத்தை ஊரக் கூட்டிருவா.”

ஐந்து நிமிடத்தில் எழுந்து, “எங்க, ஒரு போட்டா எடு” என்று சிரித்தார். அவள் எடுத்தாள். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவர்கள் தேடி வந்த மிஷின் அடுத்த வரிசையில்தான் நின்றது. அவர் எழுந்துகொண்டதில் அவளுக்கு வந்த நிம்மதியில் பாதி அந்த மிஷினுக்காக. இன்றைக்குக் காலையிலிருந்து அந்தப் பாதிதான் அவளைக் கொன்றுகொண்டிருந்தது.

மிஷின் திங்கட்கிழமை வந்து இறங்கியது. பழையதைக் காயலான் கடைக்காரன் கழற்றிக்கொண்டு போயிருந்தான். டீலர் ஒரு கண்டிஷன் வைத்திருந்தார்: பத்து நாளைக்குள் வேண்டாமென்றால் எடுத்துக்கொள்வார், ஆனால் உருளைகளில் ஒரு சொட்டு மை ஏற்றிவிட்டால் மிஷின் வாங்கியவருடையது. வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் மை ஏற்றி, கோயமுத்தூர் ஸ்டாலுக்கான நோட்டீஸை முதல் வேலையாக அடிப்பது என்று அய்யாதுரை நாள் குறித்திருந்தார். இன்று வியாழன். காலை ஆறு மணிக்கு அச்சகத்தைத் திறக்க வந்த மிஷின்மேன் சங்கிலிமுத்து, உள்ளே விளக்கெரிவதைப் பார்த்தார். முதலாளி துடைக்கிற துணியைக் கையில் பிடித்தபடி மிஷினில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுப்பித்தான் பார்த்தார்.

“ஆர்த்தி.”

மகேஷ்குமார் அறை வாசலில் நின்றான். அழுது கண் சிவந்திருந்தது. அவன் பின்னால் அய்யாதுரையின் தங்கை பாண்டிலட்சுமி, விருதுநகரிலிருந்து வந்து இறங்கிய கோலத்தில் தலைமுடியைக்கூட முடியாமல் நின்றாள்.

“போஸ்டர் ஃபைல ஸ்ரீராம்குமாருக்கு அனுப்பிரு. அவன் பிரஸ்ல ஒரு மணி நேரத்துல அடிச்சுத் தாறேன்னுட்டான்.”

“சரிங்க.”

அவன் போகாமல் நின்றான். “டீலர்கிட்டப் பேசுனேன். மை ஏத்தியாச்சான்னு கேட்டாரு. இல்லன்னேன். சனிக்கெழம லாரி அனுப்புதேன்னாரு.”

ஆர்த்தி திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “ஸ்டாலு?”

“ஸ்டாலாவது ஒண்ணாவது. யாரு போய் நிக்கப் போறா?”

“பின்ன என்ன?” என்றாள் பாண்டிலட்சுமி. “வந்து நாலு நாள் ஆகல, எங்கண்ணனக் காவு வாங்கிருச்சு. ஒரு கலருல ஓட்டிக்கிட்டு நிம்மதியா இருந்த மனுசன். ஆச காட்டி இழுத்துட்டுப் போனா…”

“அத்தை, விடுங்க” என்றான் மகேஷ்குமார். விடச் சொன்னானே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. ஆர்த்தி அதைக் கவனித்தாள்.

ஒரு வார்த்தை பேசலாம். மிஷின் போனால் அவருடைய மூன்று வருஷப் பேச்சும் லாரியேறிப் போய்விடும் என்று சொல்லலாம். ஆனால் எந்த வாயால் சொல்வது? சோடாவை வாங்கிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டவள் அவள்.

“அம்மாகிட்ட ஒரு தடவ படத்தக் காட்டிட்டு அனுப்பு” என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

மாமியார் லட்சுமிகாந்தம் குளிர்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்து, பெட்டியின் கண்ணாடியில் படர்ந்த நீரை முந்தானையால் துடைத்துத் துடைத்துவிட்டுக் கணவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்த்தி அவளருகே குனிந்து போனை நீட்டினாள்.

“இது எங்கன எடுத்தது?”

“மெட்ராஸ்ல அத்தை. கண்காட்சில.”

“எம்புட்டு நல்லாச் சிரிச்சிருக்காக.”

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. ஆர்த்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அத்தை, இந்தப் போட்டா எடுக்கறதுக்கு முன்னால மாமாவுக்கு நெஞ்சு வலிச்சுச்சு. வேர்த்து ஊத்துச்சு. வாயுன்னாக. வீட்ல சொல்லாதன்னாக. நான் சொல்லாம இருந்துட்டேன் அத்தை. மிஷின் பாக்கணும்னு இருந்துட்டேன்.”

லட்சுமிகாந்தம் அவளைப் பார்க்காமல் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தாள். குளிர்பெட்டி நின்று, கொஞ்சம் பொறுத்து மறுபடி முனகத் தொடங்கியது. வாசலில் யாரோ செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“இங்கனயும் வந்துச்சு” என்றாள் மெதுவாக. “ஐப்பசில ஒருக்க. மிஷினு வந்து எறங்குன அன்னைக்கி ஒருக்க. ஆர்த்திகிட்ட மூச்சு விட்றாத, அது பயந்துபோயி மிஷினும் வேண்டாம் ஸ்டாலும் வேண்டாம்னுரும்னாக. நானும் வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டேன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பெண்களிடமும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கிவிட்டு, அந்த மனிதர் மூக்கில் பஞ்சோடு ஒன்றும் தெரியாதவர் போலப் படுத்திருந்தார்.

“கள்ளப் பய மனுசன்” என்றாள் லட்சுமிகாந்தம். வாழ்க்கையில் முதல் முறையாகக் கணவனை அவள் திட்டி ஆர்த்தி கேட்டாள். திட்டி முடித்ததும் அழுகை புதிதாக வந்தது. ஆர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, பிடி தளராமல் அழுதாள்.

அழுகை அடங்கியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “போஸ்டர எங்கன அடிக்கீக?”

“ஸ்ரீராம்குமார் அண்ணன் பிரஸ்ல.”

“ஏன், நம்மகிட்ட மிஷினு இல்லையா?”

பாண்டிலட்சுமி பதறினாள். “மதினி, புத்தி பேதலிச்சுப் போச்சா? மொத வேலையாச் சாவுப் போஸ்டரா அடிப்பாக? அந்தச் சனியன மொதல்ல ஊர விட்டு அனுப்புற வழியப் பாருங்க. ஆளத் தின்ன மிஷினு.”

“அது இன்னும் ஒரு ஷீட்டுகூட அடிக்கல பாண்டி. அதுக்குள்ள கொலக்கேசு போட்டுட்டீகளா?” லட்சுமிகாந்தம் குரலை உயர்த்தவில்லை. ஆனால் முன்னறையே அவளைப் பார்த்தது. வாசலில் இருந்த மகேஷ்குமாரும் திரும்பிப் பார்த்தான். “உங்கண்ணனுக்கு மூணு மாசமா நெஞ்சு வலி. எங்கிட்டத்தான் சொன்னாக. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னாக. நான் சொல்லல. குத்தம் சொல்லணும்னா என்னச் சொல்லு. மிஷினச் சொல்லாத. இந்தப் பிள்ளையவும் சொல்லாத.”

ஆர்த்தி வாயைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்திருந்த மாமியாரின் கை ஒரு அழுத்து அழுத்தியது.

“ஏலே மகேசு.”

“என்னம்மா.”

“உங்கப்பாவ அடுத்தவன் மிஷினுல அடிக்க வேண்டாம். மைய ஏத்துலே.”

மகேஷ்குமார் தாயைப் பார்த்தான், பிறகு மனைவியை. மை ஏறினால் சனிக்கிழமை லாரி வராது. அதற்கப்புறம் இந்த மிஷினோடுதான் வாழ்க்கை. அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, டீலரிடம் பேச வாசலைத் தாண்டிப் போனான். போகிற போக்கில், “சங்கிலியண்ணன வரச் சொல்லு” என்றான். சொன்னது ஆர்த்தியிடம்.

போஸ்டருக்கான அச்சு பிளேட்டுகள் செய்து வர முக்கால் மணி நேரம் ஆனது. எம். புதுப்பட்டியிலிருந்து இருபது வருஷமாக இதே அச்சகத்துக்கு வந்துகொண்டிருக்கும் சங்கிலிமுத்து, கண்ணைத் துடைத்துவிட்டு நாலு டப்பாக்களையும் திறந்தார். மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு. புது உருளைகளில் மை பரவும்போது ஈரச் சாக்கை உரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. மகேஷ்குமாரும் ஆர்த்தியும் அவரோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

முதல் ஷீட் விழுந்தது. சங்கிலிமுத்து அதை எடுத்துப் பார்த்து, “அய்யோ மொதலாளி” என்றார்.

நாலு கலரும் நாலு திசையில் விழுந்திருந்தன. அய்யாதுரைக்கு இரண்டு மூக்கு. மீசை ஒன்று கருப்பில், ஒன்று நீலத்தில். சிரிப்பு கன்னத்தைத் தாண்டிக் காதுக்குப் போயிருந்தது. பழக்கமில்லாத மிஷின், யாரையும் குறை சொல்ல முடியாது. சங்கிலிமுத்து ஒரு திருகு திருகினார், பத்து ஷீட் விட்டார். இன்னொரு திருகு, இன்னும் பத்து. ஆர்த்தி ஒவ்வொன்றையும் மேசையில் விரித்து லென்ஸை வைத்துப் பார்த்து, “நீலம் இன்னும் கொஞ்சம் உள்ள வரணும்ணே”, “சிவப்பு மேல ஏறியிருக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வேலை செய்யும்போது அழ முடியாது என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அறுபது, எழுபது ஷீட் போன பிறகு மூக்கு ஒன்றானது. மீசை மீசையானது. கடைசியாகச் சிரிப்பு வாய்க்குத் திரும்பி வந்தது.

“வந்துட்டாக” என்றான் மகேஷ்குமார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. ஆர்த்தி போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

இருநூறு போஸ்டர் அடித்து முடித்ததும், பசை வாளியோடு காத்திருந்த ஆட்கள் வாரிக்கொண்டு போனார்கள். வெளியே நீர்மாலைக்கு, குளிப்பாட்ட நீர் எடுத்து வரப் போக, மேளம் தொடங்கிவிட்டது. மகேஷ்குமார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினான். ஆர்த்தியும் கையில் ஒட்டிய மையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

“தாயி,” என்றார் சங்கிலிமுத்து. சரியாக விழாத ஷீட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். “இத என்ன செய்ய? வேஸ்ட்ட எப்பவும் வெடிக்குழாய் சுத்துறவங்களுக்குத்தான் கட்டிப் போடுவோம்.”

அவள் யோசித்தாள். எழுபது அய்யாதுரைகள். ஒரு ஷீட் வீணானால் அரை நாள் புலம்புகிற மனிதர்.

“வேண்டாம்ணே. மறுபக்கம் வெள்ளையாத்தான இருக்கு? கோயமுத்தூர் நோட்டீஸ் அடிக்கறப்ப மிஷின் செட் பண்ண ஆகும். வைங்க.”

“ஆகும் தாயி” என்றார். அந்தக் கட்டைத் தட்டி விளிம்பைச் சரிசெய்து, முகம் கீழே போகும்படி கவிழ்க்கப் போனார்.

“இப்பக் கவுக்காதீக. மை காயல.”

அவள் போய்விட்டாள். சங்கிலிமுத்து கட்டை மேசையில் மல்லாக்க வைத்தார். மேல் ஷீட்டில் அய்யாதுரை இரண்டு மூக்கோடு, காது வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். ஃபேன் காற்றில் ஷீட்டின் ஓரம் எழும்பியது. சங்கிலிமுத்து ஒரு ஸ்பானரை எடுத்து, முகத்தில் படாமல், மூலையில் வைத்தார்.