கபீர் வீட்டு முகப்பில் வேல்சாமி

எங்கள் வேல்சாமி சாருக்குக் கையில் கிடைத்த எதிலும் தன் பெயரை எழுதி வைக்க வேண்டும். இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் இருந்த எங்கள் பிளான் போடும் ஆபீசில் நாற்காலி முதுகில் வேல்சாமி, அளவு டேப்பில் வேல்சாமி, தண்ணீர்ப் பானை மூடியில்கூட வேல்சாமி. கம்ப்யூட்டரில் டி டிரைவைத் திறந்தால் முதலில் கண்ணில் படும் ஃபோல்டருக்கும் அதே பெயர். ஆபீசில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். இதில் எவன் வந்து எதைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறான் என்று எனக்கு எரிச்சலாக வரும். அந்தப் பெயர் துபாய் வரைக்கும் போய் வம்பு இழுக்கும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

அது 2006ஆம் வருஷம். நான் அபிராமத்துக்காரி, இராமலட்சுமி. டிப்ளமா முடித்துவிட்டு சாரிடம் வேலைக்குச் சேர்ந்து, கம்ப்யூட்டரில் ஆட்டோகேட் புரோகிராமில் வீட்டு வரைபடங்கள் வரைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் கீழக்கரையிலிருந்து காலிதா அக்கா வந்தார். அவர் கணவர் அகமது கபீர் துபாயில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மனையை வாங்கிப் போட்டுவிட்டு, வீட்டை அங்கிருந்தபடியே போனில் கட்டிக்கொண்டிருந்தார். முகப்பில் நாலு தூண், நடுவில் வளைவு, அடுப்படி எல்லா வீட்டையும்போலப் பின்னால். இதுதான் அவர் உத்தரவு.

காலிதா அக்கா வரைபடத்தைப் பார்த்தார். முன்பக்கத்தில் விரலை வைத்தார்.

"அடுப்படிய இங்கன கொண்டு வந்துருங்க. தெருவப் பாத்து ஒரு பெரிய சன்னல் வேணும்."

சார் பதறிப்போனார். "முகப்புல அடுப்படியா? கபீர் பாய் என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரும்மா!"

"அவுக வேண்டாம்னுதான் சொல்றாக. நீங்கதான் ஒத்துக்க வைக்கணும்."

இந்த வம்பே வேண்டாம் என்று சார் டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டார். ஏன் அக்கா இந்தப் பிடிவாதம் என்று நான் கேட்டேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார்.

"அவுக ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாராக. திருவனந்தபுரத்துல எறங்கி காருல வருவாக. எந்நேரம் வருவாகன்னு தெரியாது. நான் பின்னால அடுப்படில அவுகளுக்குத்தான் மீன் ஆஞ்சுக்கிட்டு இருப்பேன். தெருவே அவுகளப் பாத்துரும். பால்காரன் பாத்துருவான். புள்ளைக ஓடிப்போயி கழுத்தக் கட்டிக்கிரும். எல்லாரும் பாத்து முடிச்சப்பறம் நான் கையக் கழுவிட்டு வந்து கடைசியாப் பாப்பேன். ஒரு தடவையாச்சும் நான் மொதல்ல பாக்கணும்ல?"

"வாசல்ல வந்து நிக்க வேண்டியதுதானேக்கா?"

"நாள் முழுக்க வாசல்ல நின்டா தெரு என்ன சொல்லும்? அடுப்ப யாரு பாக்குறது?"

"இத அண்ணன்கிட்டச் சொன்னீகளா?"

"ச்சீ! இதப் போயி எப்புடிச் சொல்ல!"

இரண்டு பிள்ளை பெற்ற அந்த மனுஷி சின்னப் பெண்ணைப்போல வெட்கப்பட்டார். எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். இந்த ஜன்னலை வைக்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். ஆனால் நேரம் இல்லை. வெள்ளிக்கிழமை கபீர் பாய்க்கு லீவு, அன்றைக்குச் சம்மதம் வாங்கியாக வேண்டும். மறுநாள் கொத்தனார் மூக்கையா அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவார். பிறகு அடுப்படி நகராது.

வெறும் கோடுகளைப் பார்த்து யாருக்கும் மனசு இளகாது. முகப்பு வரைபடத்தில் அந்த ஜன்னலுக்குள் அக்காவின் போட்டோவையே சேர்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது. சொன்னதும் அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

"என் படமா? அந்தத் தாளு கொத்தனாருக்குப் போகும், பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகும். ஊரு பூரா நான் சுத்தவா?"

"சுத்த மாட்டீகக்கா. படம் வரைபடத்துக்குள்ள ஒட்டிக்கிறாது. அது தனியா என் கம்ப்யூட்டர்லயே இருக்கும். அது எங்கன இருக்குங்கிற விலாசம் மட்டுந்தான் வரைபடத்துல இருக்கும். தொறக்கையில அந்த விலாசத்துக்குப் போயி எடுத்தாந்து காட்டும். அண்ணனுக்கு மட்டும் ரெண்டையும் அனுப்புவோம். மத்தவுகளுக்கு வெறுஞ் சன்னல்தான்."

அக்கா என்னை இரண்டு தடவை சத்தியம் செய்ய வைத்தார்.

மனைக்குப் போனோம். அங்கே வீடு இல்லையே தவிர, வேறொரு அறைக்கான ஜன்னல் நிலை தயாராக வந்து இறங்கியிருந்தது. மூக்கையா அதைத் தூக்கி நிமிர்த்திப் பிடித்தார். அதற்குப் பின்னால் செங்கல் அடுக்கின் மேல் அக்கா நின்றார். கார் வந்து நிற்கப்போகும் இடத்தில், வேல்சாமி என்று எழுதிய கேமராவோடு நான் நின்றேன். சிரிக்க மாட்டேன் என்று உம்மென்று இருந்தார் அக்கா.

"தாயி, வெரசா எடு. நிலை கனக்குது. ஏற்கெனவே முதுகுவலி, இதுல எம்மூஞ்சியும் படத்துல இல்லயாம்!" என்று மூக்கையா முனகினார்.

அக்கா குபீரென்று சிரித்தார். அந்த நொடியில் எடுத்தேன்.

படத்தைச் சேர்த்து, ஜன்னல் அளவுக்குச் சரியாகப் பொருத்தினேன். ஓரத்தில் மூக்கையாவின் நாலு விரல் மட்டும் தெரிந்தது, பரவாயில்லை. அதுவரை கோடும் எண்ணுமாக இருந்த முகப்பிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நான் எத்தனையோ வீடு வரைந்திருக்கிறேன், ஒன்றிலாவது ஆள் இருந்ததில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மெயில் அனுப்புவது சாருடைய வேலை. பாஸ்வேர்டை யாருக்கும் சொல்ல மாட்டார். அது என்ன பெரிய ரகசியம், அவர் பெயராகத்தான் இருக்கும். "ரெண்டு ஃபைல் சார், மறந்துராதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அனுப்பிவிட்டதாகத் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. சார்தான் எடுத்தார், ஆனால் கபீர் பாயின் குரல் என் மேசை வரைக்கும் கேட்டது.

"என்னய்யா இன்ஜினியர், வீடு எனக்கா உமக்கா?"

"என்ன பாய் சொல்றீக?"

"முகப்புல கட்டம் கட்டி உம்ம பேர எழுதி வச்சிருக்கீரே! இங்கன கம்பெனிக் கம்ப்யூட்டரத் தொறந்த மலையாளத்துக்காரரு வாசிச்சுப்புட்டு, யாரு வேல்சாமி, ஒங்க மச்சானான்னு கேக்குறாரு! நான் இங்கன வெயில்ல வேகுறது உம்ம பேர எழுதி வைக்கவா?"

"சத்தியமா நான் எழுதல பாய்!" என்றார் சார். நாற்காலி முதுகு, பானை மூடி எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்து, ஒரு நொடி நானே அவரைச் சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. மனிதர் வரைபடத்தை அனுப்பிவிட்டுப் படத்தை மறந்துவிட்டார். படம் கிடைக்காத கம்ப்யூட்டர், ஜன்னல் சட்டத்துக்குள் அதன் விலாசத்தை மட்டும் எழுதிக் காட்டியிருக்கிறது. டி டிரைவ், வேல்சாமி.

சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைப் பிடுங்கினேன். "அண்ணே, அது பேரு வைக்கல. அந்த எடத்துல ஒரு படம் வரணும். அத அனுப்ப மறந்துட்டோம்."

"என்ன படமோ! அது கெடக்கட்டும். அடுப்படிய யாரு முன்னால கொண்டாந்தது? அடுப்படிக்குத் தெருவப் பாத்து சன்னல் எதுக்கு? போற வாரவுகளுக்குக் கொழம்பு ஊத்தவா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீங்க வாரதப் பாக்கத்தான்!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நானே தொடர்ந்தேன். "படத்த இப்ப அனுப்புறேண்ணே. ரெண்டையும் ஒரே ஃபோல்டர்ல வச்சுத் தொறங்க. தொறக்கையில அந்த மலையாளத்துக்காரர டீ குடிக்க அனுப்பிருங்க." லைன் கட்டாகிவிட்டது.

சார் என்னை முறைத்துக்கொண்டே, மானிட்டரைக் கையால் மறைத்து பாஸ்வேர்டை அடித்தார். படம் போயிற்று. அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மனையிலிருந்து மூக்கையா வேறு போன் செய்து, "அடுப்படி முன்னாலயா பின்னாலயா தாயி? நாளைக்குக் கோடு போடணும்ல" என்று உயிரை எடுத்தார்.

மத்தியானத்துக்கு மேல் மறுபடி மணி அடித்தது. காலையில் கத்திய அதே மனிதர், குரல் மட்டும் வேறு.

"இன்ஜினியர் இருக்காரா?"

"டீ குடிக்கப் போயிருக்காகண்ணே."

"அவரு வேணாம். ஒங்கிட்டயே கேக்குறேன் தங்கச்சி. அந்தச் சன்னல இன்னும் ஒரு அடி அகலமாப் போட ஏலுமா?"

"ஏலும்ணே!" என்று நான் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"போட்டுரு." கொஞ்சம் தயங்கினார். "ஓரத்துல நாலு வெரல் தெரியுதே, அது யாரு?"

"கொத்தனார் மூக்கையாண்ணே."

"அவரக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லக் கூடாதாம்மா" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

கொத்தனாருக்கான தாளில் சொன்னபடி படம் இல்லை. அவசரத்தில் அந்த விலாசத்தை மறைக்கத்தான் மறந்துவிட்டேன். மூக்கையா கூட இருந்தவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நேராக ஆபீசுக்கே வந்தார். "சாரு பேர சிமெண்டுல தூக்கலா எழுதணுமா, குழிச்சு எழுதணுமா?" சார் ஒரு நிமிஷம் யோசித்தார், என் கண்ணால் பார்த்தேன். நான் தாளைப் பிடுங்கி வேறு அச்சடித்துக் கொடுத்தேன்.

மறு வருஷம் வீடு முடிந்தது. குடிபுகும் அன்றைக்கு சாரும் நானும் கீழக்கரைக்குப் போயிருந்தோம். கபீர் பாய் அன்றுதான் வருகிறார். அவர் வராமல் சோறு கிடையாது. நெய்ச்சோற்று மணத்தில் எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. வாசல் பந்தலில் சொந்தக்காரர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையை யாரும் பார்க்கவில்லை.

"வந்துட்டாக!"

ஜன்னலிலிருந்து காலிதா அக்காவின் குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் கார் தெருவுக்குள்ளேயே நுழைந்தது.

கபீர் பாய் இறங்கினார். பிள்ளைகள் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டன. ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். அத்தனை தலைகளுக்கும் மேலாக அவர் ஜன்னலைத்தான் பார்த்தார். அங்கே கையெல்லாம் மீன் செதிலோடு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"பாத்துட்டியா?" என்று கேட்டார் கபீர் பாய்.

"பாத்துட்டேன்," என்றார் அக்கா. "நாந்தான் மொதல்ல."