இரவல் சோபா

கல்லூரி உதவிநிதிக் குழுவிலிருந்து ஓர் அம்மா வீட்டைப் பார்க்க வருகிறார் என்று மகள் சொன்னதும், அப்பா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். மழைநீர் இறங்கிய கறை ஆள் உயரத்துக்கு நின்றது. அவர் மேற்பார்வை பார்த்த கிடங்கை மூடி ஒரு வருடமாகிறது. இருந்தும் தெருவில் அவரை நாக்கு மேல் பல் போட்டு ஒருவரும் பேசியதில்லை. பேச அவர் இடம் கொடுத்ததுமில்லை.

"நம்ம நெலமை எப்படி இருக்கோ அப்படியே பாக்கத்தாம்ப்பா வர்றாங்க. கடைசி வருஷ ஃபீஸை அவங்க கட்டிட்டா, நான் கடன் இல்லாம வெளிய வந்துடுவேன்."

"பாக்கட்டும்மா. அதுக்காகக் குடும்பத்தைக் கிழிஞ்ச துணி மாதிரி விரிச்சுக் காட்ட முடியுமா?"

மகள் வகுப்புக்குக் கிளம்பியதும் அவர் மாடி வீட்டுத் தையல்காரரிடம் போனார். சோபா இறங்கியது. தரைவிரிப்பு இறங்கியது. கறையை ஒரு பட்டுத் திரை மூடியது.

"ஏண்ணே, வர்றது காலேஜ் அம்மாவா, மந்திரியா?" என்றார் தையல்காரர்.

"வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் தூக்குய்யா."

மனைவி மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள். "உதவி கேக்குற வீடு மாதிரியா இருக்கு? குடுக்குற வீடு மாதிரில்ல இருக்கு!"

கேட்டதும் அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. வீட்டுக்கு வருகிறவரை மரியாதையாக உட்காரவைப்பது தப்பா என்ன?

அந்த அம்மா வந்தார், உட்கார்ந்தார், பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்தார். "வீட்டுல ஏதாவது கஷ்டம் உண்டாங்க ஐயா?"

"ஒரு குறையும் இல்லைம்மா."

மறுவாரம் 'தேவையில்லை' என்று பதில் வந்தது. மகள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு சத்தம் போட்டு ஆறியிருப்பார்.

மறுநாள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மகளோடு கல்லூரி அலுவலகத்துக்குப் போனார். அவளை வெளியே நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்த அந்த அம்மாவின் அறைக்குள் நுழைந்தார். இதுவரை எவரிடமும் சொல்லாததை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு வேலை இல்லைம்மா. வீட்டுல ஒண்ணும் இல்லை. அந்த சோபா இரவல்."

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "கோச்சுக்காதீங்க ஐயா. போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் அழுதாரு. ஊருக்கு வெளிய ரெண்டு வீடு இருந்துச்சு அவருக்கு. என் கண்ணால பாத்ததைத்தானே நான் எழுத முடியும்?"

"இப்பவே வந்து பாருங்கம்மா."

"இப்ப வந்தா, எனக்காகக் காலி பண்ணி வெச்சீங்கன்னு குழுவுல சொல்வாங்க. இடமும் போயிடுச்சு. வேற ஒரு பொண்ணுக்குக் குடுத்தாச்சு. அவங்க வீட்டுல நான் தரையிலதான் உக்காந்தேன்."

அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது தப்பென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். முகத்தைப் பார்த்தே மகள் புரிந்துகொண்டாள்.

"சரிப்பா, பேங்குக்குப் போலாம்."

கல்விக் கடன் பிரிவில் கூட்டமில்லை. எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார். "அப்பாவுக்கு என்ன தொழில்?"

ஒரு தடவை சொன்ன வாய்தானே, இங்கும் சொல்லிவிடலாம் என்று அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"பெரிய கிடங்குல மேற்பார்வையாளர் சார். இப்ப ரிட்டயர்டு."

முதுகை நேராக வைத்துக்கொண்டு, குரலில் துளி நடுக்கமில்லாமல் சொன்னாள். எழுத்தர் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.